கண்ணால் பேசும் பெண்கள்

1954ஆம் ஆண்டு. வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்க இரண்டு தாய்மார்கள் காத்திருந்தார்கள். இருவர் மடியிலும் ஒரு பெண் குழந்தை. இரண்டும் சோப்பு போட்டுக் கை கழுவுவது போல விடாமல் கையைப் பிசைந்துகொண்டே இருந்தன. ஒரே மாதிரி! டாக்டருக்குப் பொறி தட்டியது. பழைய கோப்புகளைப் புரட்டினார். அதே போல இன்னும் சில சிறுமிகள் அகப்பட்டார்கள்.

1966இல் இதைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். வெளியுலகம் கண்டுகொள்ளவே இல்லை. 1983இல் ஸ்வீடன் மருத்துவர் பெங்ட் ஹாக்பெரியும் அவருடைய சகாக்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் 'ரெட் சிண்ட்ரோம்' என்ற பெயரே பரவியது.

சுமார் பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ குழந்தை நன்றாகத்தான் இருப்பாள். பிறகு வளர்ச்சி தடுமாறும். கற்ற ஓரிரு சொற்கள் போய்விடும். பொம்மையைப் பிடித்த கை பிடிக்காது. நடை தள்ளாடும், பலருக்கு வலிப்பும் வரும். முகம் பார்த்துச் சிரித்தவள் சில காலம் யாரையும் கண்டுகொள்ள மாட்டாள். அதனால்தான் பலருக்கு முதலில் ஆட்டிசம் என்று சொல்லப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 1994இல் இதை ஆட்டிசத்தோடு ஒரே பிரிவில் வைத்தது. 2013இல் வெளியே எடுத்துவிட்டது.

காரணம் தெரிந்தது 1999இல். ஹூஸ்டனில் ஹூடா ஸோக்பியின் குழு, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.ஈ.சி.பி-2 என்ற மரபணுவில் பிழையைக் கண்டுபிடித்தது. மற்ற பல மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்று மூளையில் கட்டுப்படுத்தும் மரபணு அது. அநேகமாக எல்லோருக்கும் இந்தப் பிழை பரம்பரையாக வருவதில்லை, புதிதாக நேர்கிறது. கர்ப்ப காலத்தில் அம்மா சாப்பிட்டதோ, வளர்த்த விதமோ காரணமே இல்லை. குழந்தை ஒதுங்கிப் போனால் 'தாய்க்குப் பாசம் போதவில்லை' என்று படித்தவர்களே பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழியை இந்த ஒரு ரத்தப் பரிசோதனை துடைத்துவிடுகிறது.

2007இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் குழு, நோய் முற்றிய எலிகளில் அந்த மரபணுவை மறுபடி இயங்க வைத்தது. எலிகள் தேறின! அதாவது மூளை செல்கள் செத்துப் போகவில்லை, சரியாக இயங்காமல்தான் இருந்தன. எலிக்குச் செய்தது மனிதருக்கு லேசில் வராது. இந்த மரபணு அளவுக்கு மீறினாலும் ஆபத்து. 2023இல் அமெரிக்காவில் ட்ரோஃபினடைடு என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது அறிகுறிகளைக் கொஞ்சம் குறைக்கும், குணப்படுத்தாது.

ஆனால் ஒதுங்கியிருக்கும் அந்தக் காலம் பலருக்குக் கடந்துபோகிறது. பிறகு இந்தப் பெண்கள் ஆளை உற்றுப் பார்க்கிறார்கள். வாயும் கையும் சொன்னபடி கேட்காததால் கண்ணால் பேசுகிறார்கள். இரண்டு படங்களைக் காட்டினால் வேண்டியதைப் பார்ப்பார்கள். கண்ணசைவைப் படிக்கும் கணினியில் வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. பதில் வரத்தான் நேரமாகும். அதற்குள் எதிரில் இருப்பவர் 'இவளுக்கு ஒன்றும் புரியவில்லை' என்று முடிவு கட்டி எழுந்துவிடுகிறார்.

இப்படி ஒரு குழந்தையை எங்காவது பார்த்தால், 'பாப்பாவுக்கு என்ன வேணும்?' என்று அம்மாவிடம் கேட்க வேண்டாம். அவளிடமே கேட்டுவிட்டு, அவள் கண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.