வயரிங் மேஸ்திரியின் பட்டறையில்

தருமபுரி நகரத்து நான்கு ரோட்டிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில், டயர் கடைகளையும் பாட்டரி கடைகளையும் கடந்து சென்றால், தகரக் கூரை வேய்ந்த ஒரு சிறு பட்டறையைக் காணலாம். எஞ்சினைப் பிரித்து மேயும் மெக்கானிக்குகள் இந்த ஊரில் ஏராளமாக இருந்தபோதிலும், பழைய மோட்டார் சைக்கிள்களின் மின் கோளாறுகளை மாத்திரம் சிரத்தையோடு கண்டுபிடித்துச் செப்பனிடுகிறவர் என்று எல்லோரும் விரல் காட்டுவது இந்தப் பட்டறையின் மேஸ்திரியைத்தான். அறுபது வயதைத் தாண்டிய அவரிடம் அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. மற்றவர்கள் கைவிட்ட பின்னரே பெரும்பாலும் வருகின்றன என்பது அவருடைய ஒரே குறை.

நான் சென்றிருந்த வேளையில் ஸ்டாண்டு போட்டு நின்றது, 1970களில் உருவான 350 சி.சி. புல்லட். இந்திய ராணுவத்தின் தேவையை முன்னிட்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, 1955ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா என்ற ஸ்தாபனம் ஏற்பட்டதும், திருவொற்றியூரில் இந்த வண்டி உற்பத்தியாகத் தொடங்கியதும், தாய்நாட்டில் அந்தக் கம்பெனியே மூடப்பட்ட பிறகும் இங்கே அதன் உற்பத்தி இடையறாது தொடர்ந்ததும் பலரும் அறிந்த சரித்திரம். அந்தத் தலைமுறை புல்லட்டுகள் ஆறு வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை என்பதே நம் விஷயத்துக்கு முக்கியமானது.

வண்டியின் சொந்தக்காரர் கூறிய வியாதி இது: பகலில் ஒழுங்காக ஓடுகிறது, இரவில் தொப்பூர் கணவாயில் ஏறும்போது மாத்திரம் விளக்கு மங்கி, எஞ்சின் விட்டுவிட்டு இழுக்கிறது. பாட்டரி, காயில், கண்டென்சர் என்று மூன்றையும் முன்பே மாற்றியாகிவிட்டது. மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. "எப்பத்துல இருந்துங்க இப்படி?" என்று கேட்டார். "பெயிண்ட் அடிச்சு வந்ததுல இருந்துதான்" என்றார் சொந்தக்காரர். மேஸ்திரி தலையை மாத்திரம் அசைத்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்த முதல் காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. சாவியைத் திருப்பி, கிக்கரைக் கையாலேயே மெள்ள மெள்ள அழுத்தியபடி, ஹெட்லைட்டின் மேற்புறத்தில் பதித்திருந்த ஆம்மீட்டர் முள்ளைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் மூடும்போது காயிலில் மின்சாரம் பாய, முள் வெளியேற்றப் பக்கம் சாய வேண்டும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. சாய்ந்தது சாய்ந்தபடி நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். இந்த வண்டியில் முள் சாய்ந்தது, திரும்பியது. ஆனால் சாய வேண்டிய அளவு சாயவில்லை. ஹெட்லைட்டைப் போட்டு மீண்டும் அழுத்தியபோது அதன் சோர்வு இன்னும் தெளிவாயிற்று.

ஆறு வோல்ட் வண்டியின் துர்ப்பாக்கியத்தை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். முப்பது வாட் விளக்கு ஒன்று பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் கேட்குமென்றால், ஆறு வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் கேட்கிறது. துருவோ அழுக்கோ படிந்த ஒரு மூட்டு 0.2 ஓம் தடை கொடுப்பதாக வைத்துக்கொண்டால், பன்னிரண்டில் அரை வோல்ட் நஷ்டமாவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆறிலோ ஒரு முழு வோல்ட் போய்விடும். காயிலில் ஓடும் மின்சாரம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், அதில் தேங்கும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், தீப்பொறியின் பலம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் வேகம் தணிந்து ஆல்டர்னேட்டரின் உற்பத்தி போதாமற் போகும்போது பாட்டரிதான் கைகொடுக்க வேண்டும். அந்தப் பாட்டரிக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள வழியே சரியில்லையென்றால் விளக்கு மங்குவதிலும் எஞ்சின் விக்குவதிலும் ஆச்சரியம் என்ன இருக்கிறது? சொந்தக்காரர் மாற்றிய சாமான்கள் மூன்றும் நிரபராதிகள் என்பது அப்போதே எனக்கு விளங்கத் தொடங்கியது.

மேஸ்திரி வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் பெயிண்ட் படாத உலோகத்திலும் வைத்து, விளக்கைப் போடச் சொன்னார். ஒரே இடமாக இருக்க வேண்டிய இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் காட்டியது. "கரண்ட் போற வழியத்தான் எல்லாரும் பாக்கறாங்க. திரும்பி வர்ற வழிய யாருங்க பாக்கறாங்க?" என்றார். எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றியதும் காரணம் பிரத்தியட்சமாயிற்று: பளபளக்கும் கறுப்புப் பெயிண்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். வண்டியை அழகுபடுத்த எண்ணிய கைகள் அதன் மின் பாதையை மூடிவிட்டன. பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் மோகம் பெருகியிருக்கும் இந்நாளில் இத்தகைய பிழை சர்வசாதாரணமாக நேர்கிறது என்பது அவருடைய அனுபவம்.

உப்புத்தாளால் அந்த இடத்தை உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷரிட்டு முறுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவினார். அத்துடன் வேலை முடிந்தது என்று நான் எண்ணினேன், அவர் எண்ணவில்லை. ஹேண்டில்பாரை இடமும் வலமுமாகத் திருப்பச் சொல்லி மீண்டும் முள்ளைப் பார்த்தார். இடது ஓரத்துக்குச் சென்றபோது அது ஒரு கணம் துள்ளியது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில்தான் வயர்கள் ஆயிரமாயிரம் முறை மடங்கி நிமிர்கின்றன. செம்பு இழைகள் உள்ளே ஒவ்வொன்றாக அறுந்துபோக, வெளியே பிளாஸ்டிக் உறை மாத்திரம் முழுசாக நிற்கும். அவர் டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு வயராகக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ஒரு வயர் ரப்பரைப் போல நீண்டது. "இதுதான்" என்று என் விரலிலும் கொடுத்தார். உள்ளே செம்பு இருக்கும் வயர் இழுத்தால் நீளாது. அந்த இடத்தில் உறை மட்டுமே மிஞ்சியிருந்ததை என் விரலே உணர்ந்தது.

முழு வயரிங் கிட்டையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டுவிடுவது இக்காலத்து வழக்கம். அதில் வேகம் உண்டு, லாபமும் உண்டு. ஆனால் இங்கே கோளாறு எர்த்திலும் இருந்ததால், புதுக் கிட்டும் பழைய வியாதியையே காட்டியிருக்கும். அனுமானத்தால் இடத்தைச் சுருக்கி, சோதனையால் அதை நிச்சயப்படுத்தி, பிறகே கத்தரியை எடுக்கும் இவருடைய முறைதான் மேலானது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அறுந்த பகுதியை வெட்டியெடுத்து, அதே நிறத்தில் ஒரு துண்டை இணைத்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் மாட்டி, மூட்டு கழுத்தின் மடிப்பில் வராதபடி ஒரு சாண் தள்ளி அமைத்தார். நிறத்தை மாற்றிப் போட்டால் நாளைக்கு வரும் மெக்கானிக் திண்டாடுவான் என்பதில் அவருக்கு இருந்த கவலை, முகம் தெரியாத ஒருவனுக்காகப் பட்ட கவலையல்லவா!

கூலி விஷயத்தில்தான் என் மனம் சமாதானம் அடையவில்லை. சாமான் என்று பில் போட அங்கே எதுவும் இல்லை. ஒரு முழம் வயரும் ஒரு வாஷரும்தான். மூன்று சாமான்களுக்கு மறுபேச்சின்றிப் பணம் கொடுத்திருந்த சொந்தக்காரர், கண்டுபிடித்ததற்கான கூலியைக் கேட்டதும் தயங்கினார். மேஸ்திரி வாதாடவில்லை, சொன்ன தொகையைக் குறைக்கவும் இல்லை. முடிவில் அது கைக்கு வந்தது.

இத்தொழிலைச் சுவடி பார்த்து அவர் கற்கவில்லை. சேலத்தில் ஒரு பாட்டரி கடையில் சிறுவனாகச் சேர்ந்து கற்றதாகச் சொன்னார். இப்போது அவரிடம் ஒரே ஒரு பையன் இருக்கிறான். அடுத்ததாக, மைசூரில் தயாரான யெஸ்டி ஒன்றை அவன் உள்ளே உருட்டிவந்து, ஆர்வ மிகுதியால் ஹெட்லைட்டைக் கழற்றப் போனான். "டேய் தம்பி, முதல்ல பாட்டரி எர்த்தக் கழட்டு, அப்புறம் வயர்ல கைய வை" என்றார் மேஸ்திரி. பையன் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்தான்.