கடாக்கொம்புக் கல்

அரியலூர் என்றால் சென்னையில் இருக்கிறவர்களுக்கு முதலில் சிமெண்ட் ஞாபகம் வரும். கொஞ்சம் வயதானவர்கள் என்றால் 1956 நவம்பரில் மருதையாற்றில் நடந்த ரயில் விபத்தைச் சொல்வார்கள். 140 பேருக்கு மேல் செத்துப்போய், லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டு விலகிய விபத்து. இந்த இரண்டோடு நான் மூன்றாவதாக ஒன்று சேர்ப்பேன். அது கடற்கரை ஊர். சொன்னதும் சிரிப்பார்கள். பூம்புகாரோ தரங்கம்பாடியோ போய் அலையைப் பார்க்க எங்களுக்குச் சாலைவழி நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டோம், அவ்வளவுதான். கடல் போய் ஆறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எங்கள் அப்பாயிக்குச் செந்துறைப் பக்கம் நாலு ஏக்கர் கொல்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருப்பது இல்லை, வானம் பார்த்த புன்செய். சோளம், பருத்தி, பிற்பாடு மக்காச்சோளம். ஏர் ஓட்டினால் மண்ணோடு கல்லும் புரண்டு வரும். அதில் சில கல் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வட்டமாகச் சுருண்டிருக்கும். அப்பாயி அதற்குக் கடாக்கொம்பு என்று பெயர் வைத்திருந்தாள். உள்ளங்கை அளவு கிடைத்தால் எங்களிடம் விளையாடக் கொடுப்பாள். பெரியதாகக் கிடைத்தால் தவிட்டுப் பானைக்கு மூடிக் கல்லாக்கிவிடுவாள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அதன் பெயர் அம்மோனைட் என்று தெரிந்தது. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தமான ஒரு கடல் பிராணியின் ஓடு. பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். எகிப்தில் அமோன் என்று ஒரு தெய்வம், தலையில் கடாக்கொம்பு. அந்தக் கொம்பு போலிருந்ததால் அந்தப் பெயர். பள்ளிக்கூடமே போகாத எங்கள் அப்பாயியும் ஐரோப்பியப் பண்டிதர்களும் ஒரே கல்லைப் பார்த்து ஒரே ஆட்டை நினைத்திருக்கிறார்கள்.

கடல் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியா ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிந்து விலகியபோது கிழக்கு ஓரத்தில் நிலம் தாழ்ந்து பள்ளம் விழுந்தது, அதில் கடல் ஏறியது. ஏறிய கடல் அப்படியே நிற்கவில்லை. பல தடவை உள்ளே வந்து, பின்வாங்கி, திரும்ப வந்தது. இப்படிக் கோடிக்கணக்கான வருஷம் படிந்த வண்டலும் சிப்பியும்தான் எங்கள் தரை. எங்கள் மாவட்டத்துக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது.

இந்தப் பாறை அடுக்குகளுக்கு உலகம் முழுக்க இருக்கிற நிலவியல்காரர்கள் சொல்லும் பெயர் எங்கள் ஊர்ப் பெயர்தான். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர், அதற்கும் மேலே நின்னியூர். அரியலூர் அடுக்கு வரைக்கும் அம்மோனைட் உண்டு. டைனோசர்களோடு அம்மோனைட்டும் அழிந்த பிறகு படிந்தது நின்னியூர் அடுக்கு, அதில் கிடையாது. உலகம் ஒரு தடவை முடிந்துபோன கதை எங்கள் டவுன் பஸ் ரூட்டிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் முதலில் கண்டுகொண்டது நாங்கள் இல்லை. 1840களில் கேய், கன்லிஃப் என்று இரண்டு ஆங்கிலேயர்கள் இங்கே கிளிஞ்சல் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை அளந்து பிரித்தார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா கல்கத்தாவில் உட்கார்ந்து எங்கள் ஊர் நத்தை, சிப்பி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். 1874இல், 36 வயதில், லடாக் மலையில் இறந்துபோனார்.

ஃபோர்ப்ஸ் எழுதியதற்கு அடுத்த வருஷம், 1847இல், இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சின்னக் கடற்கரை ஊரில் மேரி ஆனிங் இறந்தாள். தச்சர் மகள். பாறை சரிந்து விழும் கரையில் கல் பொறுக்கி, கோடைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்றுப் பிழைத்தவள். அவளும் அண்ணனும் பிள்ளைகளாக இருக்கும்போதே இக்தியோசர் என்ற கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். பெண் என்பதால் லண்டன் நிலவியல் சங்கத்தில் அவளுக்கு இடமில்லை. இன்றைக்கு அவள் பிறந்த வீடு இருந்த இடத்தில் அருங்காட்சியகம் நிற்கிறது. வடக்கே விட்பி என்ற கடற்கரை ஊரில் அம்மோனைட்டுக்குப் பாம்புத் தலை செதுக்கி விற்றிருக்கிறார்கள். ஒரு புனிதவதி சபித்துப் பாம்பெல்லாம் கல்லாகிவிட்டது என்று கதை. ஊர்ச் சின்னத்திலேயே மூன்று அம்மோனைட் இருக்கிறது. கல்லை வைத்து ஓர் ஊர் தன்னைப் பற்றிக் கதை சொல்லிக்கொள்கிறது.

எங்களிடம் கதைக்கா பஞ்சம்? இக்தியோசர் எங்களுக்கும் உண்டு. அந்தக்காலத் திருச்சி மாவட்டத்தில் கிடைத்த எலும்பை வைத்து 1879இல் லிடெக்கர் ஒரு இனத்துக்கு இந்தியப் பெயரே வைத்தார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. காரையில் ஓடை அரித்த செம்மண் மேட்டில் நடந்தால் ஜிப்சம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். காலடியில் துப்பாக்கி ரவை போல பெலம்னைட் கிடக்கும், அதுவும் கணவாய் வகை. சுறாப் பல்லும் கிடைக்கும். கல்லமேட்டில் கிடைத்த ராட்சச டைனோசர் எலும்பு, உலகத்திலேயே பெரிய பிராணிகளில் ஒன்றுடையதாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்பு இப்போது இல்லை. எடுத்த பிறகு உதிர்ந்துபோனது. 2020இல் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் வர, டைனோசர் முட்டை என்று வாட்ஸப் முழுக்க ஓடியது. பார்த்தவர்கள் முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் என்றார்கள். மறுநாளே சுவாரசியம் போய்விட்டது. எனக்கு அதுதான் வருத்தம். முட்டையாக இருந்தால்தான் மதிப்பா?

அப்பா இருபத்திரண்டு வருஷம் டிப்பர் ஓட்டினார். மைன்ஸில் லோடு ஏற்றி, ஆலையில் கொட்டி, ட்ரிப் கணக்கில் சம்பளம். எந்த ஆலை என்பது வேண்டாம், சுற்றி எத்தனையோ இருக்கின்றன. நல்ல கல் கண்ணில் பட்டால் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டுத் திண்ணையில் அப்படிச் சேர்ந்த கல் ஒரு சாக்கு இருக்கும். "ஒரு ட்ரிப்புல ஒண்ணுதாம்மா கண்ணுல படும். மிச்சம் எல்லாம் கிரஷருக்குத்தான்" என்பார்.

கிரஷருக்கு அப்புறம் என்ன ஆகும்? சூளையில் 1450 டிகிரி வரைக்கும் வேகும். சுத்தமான சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 சதவீதம் கரியமில வாயு. சிப்பி தன் ஓட்டுக்குள் கட்டி வைத்ததை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி மூட்டையில் ஏறும். அதில்தான் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டோம். நான் படித்தது அப்பாவின் ட்ரிப் காசில். அதனால் "ஆலையை மூடு" என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு என்னால் சுலபமாக எழுத முடியாது. ஊரில் சாயங்காலம் கொடியில் காயும் துணியை உதறினால் என்ன கொட்டும் என்றும், டிப்பர் போகும் ரோட்டில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பிவிட்டு அம்மாக்கள் எப்படி வாசலில் நிற்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். இரண்டுமே உண்மை. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்துத்தான் வளர்ந்தேன்.

அப்பாயியின் நாலு ஏக்கரில் இரண்டு ஏக்கர் நான் ஆறாவது படிக்கும்போதே மைன்ஸுக்குப் போய்விட்டது. இப்போது அங்கே பெரிய பள்ளம். மழைத்தண்ணீர் தேங்கி, நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். ஊர்ப் பையன்கள் அதற்குக் கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பாயி சாகும்வரை அந்தப் பக்கம் போகவில்லை.

மிச்சம் இரண்டு ஏக்கருக்குப் போன தை மாதம் புரோக்கர் வந்தார். அப்பாவுக்கு முட்டி தேய்ந்து வண்டி ஓட்ட முடியவில்லை. தங்கை கல்யாணக் கடன் பாக்கி. நான் அம்மோனைட், லைம் ரீஜிஸ், மேரி ஆனிங் என்று எல்லாக் கதையையும் போனில் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொம்பளை கல்லு வித்துத்தான பொழைச்சா?"

"ஆமாப்பா."

"நானும் அதத்தான செய்யச் சொல்றாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அவள் விற்ற கல் அருங்காட்சியகத்தில் பெயரோடு இருக்கிறது, நம்முடையது மாவாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குத் தெரியாததா அது? சீட்டுக்கு அடியில் கல் சேர்த்தவர் அவர்.

மே மாதம் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெயில் ஏறுவதற்குள் கொல்லை முழுக்க நடந்து, எந்தக் கல் எந்த இடத்தில் கிடந்தது என்று நோட்டில் குறித்தோம். அப்பா முன்னால் நடந்தார். வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, நல்லதாகத் தேறினால் அங்கே காட்டலாம் என்று எண்ணம். வரப்போரம் குனிந்து ஒன்றை எடுத்தார். பாதி உடைந்தது, ஆனால் உள்ளே அறை அறையாகத் தெரிந்தது. ஒவ்வொரு அறையும் அந்தப் பிராணி வளர வளரக் காலி செய்துவிட்டுப் போன வீடு என்றேன். அப்பா கட்டை விரலால் எண்ணிப் பார்த்தார். பதினொன்று.

கிளம்பும்போது புரோக்கர் போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "மக்காச்சோளம் வெதைக்கப் போறேன் தம்பி. அறுத்து முடியட்டும், அப்புறம் பேசுவோம்." போனை வைத்துவிட்டு, உழுவதற்கு டிராக்டர்க்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.