காட்டெருமைக்கு மட்டும் சரியான கோட்டு

வால்பாறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்வெட்டரை மறந்தால் பரவாயில்லை; டீக்கடை அடுப்பருகில் நின்று சமாளிக்கலாம். ஆனால் மழைக்கோட்டை மட்டும் தப்பாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். அதனால்தான் சொல்கிறேன்.

அக்கா போன் செய்தாள். "உங்க மாமாவுக்கு நல்லதா, நீளமா ஒரு மழைக்கோட்டு வாங்கிட்டு வாடா. போன வருஷம் நிமோனியாவுல பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாரில்ல? ஈரத்தோட இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீ பி.காம். படிச்சவன். பார்த்து வாங்குவே."

மாமாவுக்கு வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் உத்தியோகம். வீட்டிலிருந்து ஆபீஸுக்குத் தேயிலைக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடை. ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. நம்ம சென்னை மழை மாதிரி வந்தோமா, ரோட்டைப் பெயர்த்தோமா, போனோமா என்று கிளம்பாது. வாரக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தாளி.

பி.காம். படித்தவன் என்ன செய்வான்? விலையைப் பார்ப்பான். கடையில் மூன்று கோட்டுகள் இருந்தன. 2,800 ரூபாய், 1,500, 650. கடைக்காரர் மூன்றின் மேலும் தண்ணீர் தெளித்துக் காட்டினார். மூன்றிலும் முத்து முத்தாக உருண்டது. எல்லாம் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? 650-ஐ எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பளபளப்பான கறுப்புக் கோட்டு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால், பழைய சினிமாவில் துறைமுகத்தில் வைரம் கடத்துகிறவன் மாதிரி இருந்தேன். பரம திருப்தி.

பொள்ளாச்சியில் பஸ் ஏறினேன். ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. ஒன்பதாவது வளைவில் கீழே அணை பளிச்சென்று தெரிந்தது. முப்பதை நெருங்கும்போது மேகம் டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் வழியே ஏறிக்கொண்டது. வால்பாறையில் இறங்கினால் மழை.

மாமா குடையோடு நின்றிருந்தார். "வாங்க மாப்ளே!"

"உங்க கோட்டை நானே போட்டுட்டு வர்றேன் மாமா. ஒரு ட்ரையல்."

எஸ்டேட் ஸ்டாப் வரை இன்னொரு பஸ். அப்புறம் நடை. முதல் பத்து நிமிஷம் நான் ராஜா. அதற்குப் பிறகு சட்டை முதுகில் ஒட்டியது. கோட்டு ஒழுகுகிறதோ என்று தடவிப் பார்த்தேன். ஒழுகவில்லை. எல்லாம் என் சொந்த வியர்வை! பிளாஸ்டிக் கோட்டு மழையை உள்ளே விடாது. அதே கண்டிப்போடு வியர்வையை வெளியேயும் விடாது. அடுத்து, பை தொங்கிய தோளில் நிஜமாகவே தண்ணீர். தையல் ஊசி போட்ட ஓட்டைகள். மேட்டில் ஏறினால் கோட்டின் கீழ்ப்பாகம் முழங்காலைக் கட்டிப் பிடித்தது.

இது பரம்பரை வியாதி. 1823-ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ், இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி ஒட்டி, மழைத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். அதைத் தையற்காரர்கள் தைத்தார்கள். ஊசி ஓட்டை வழியே ஒழுகியது. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. இரு நூற்றாண்டு கழித்து நான் 650 ரூபாய் கொடுத்து அதே வியாதியை வாங்கியிருக்கிறேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிய கணக்கு ஒரு திருப்பத்தில் காத்திருந்தது.

நான் ஏதோ பேசிக்கொண்டே முன்னால் நடந்தேன். மாமா இரண்டு தடவை கூப்பிட்டாராம். என் காதில் விழுந்ததெல்லாம் கோட்டின் சரக் சரக்கும், தொப்பியில் மழை அடித்த தவிலும்தான். சட்டென்று முதுகைப் பிடித்து இழுத்தார். திரும்பினேன். தலை திரும்பியது, தொப்பி திரும்பவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது கறுப்பு பிளாஸ்டிக்கின் உள்பக்கம். அதை விலக்கிப் பார்த்தால், இருபதடி தூரத்தில், தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு காட்டெருமை.

அதன் முதுகில் மழை வழிந்து ஓடியது. அந்த இடத்தில் சரியான கோட்டு போட்டிருந்தது அது ஒன்றுதான்.

மூன்று பேரும் அசையவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். என் கணக்கில் அது ஒரு நிதியாண்டு. பிறகு அது பெருமூச்சு விட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

மாமாவின் கை நடுங்கியது. "மாப்ளே, இங்கே நனைஞ்சா காய்ச்சல்தான் வரும். காது கேக்கலேன்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. தினமும் இதே வழியில் நடக்கப் போகிறவர் அவர். கோட்டை வாங்கி வந்தவன் நான்.

வீட்டில் அக்கா துண்டு கொடுத்தாள். கோட்டைத் தடவிப் பார்த்தாள். "எவ்வளவுடா?" சொன்னேன். "சரி, பரவால்ல." அந்தப் 'பரவால்ல'தான் உறைத்தது. ராத்திரி பக்கத்து அறையில் மாமா இருமுவது கேட்டது. ஒவ்வொரு இருமலையும் எண்ணினேன். பழக்கதோஷம்.

மறுநாள் காலை சாரலில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையோடு போர்த்தி இடுப்பில் கட்டியிருந்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள அவங்களும் நனைஞ்சுதான் போவாங்க," என்றார் மாமா. "ஆனா கை வீசலாம், காத்து போகும். ஆபத்துன்னா ஒரு இழுப்புல கழட்டலாம்." எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லாத பாடம். கோட்டு என்பது மழையைத் தடுக்கிற சமாசாரம் மட்டும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் நடக்க வேண்டும், பார்க்க வேண்டும், கேட்க வேண்டும்.

சென்னை திரும்பி அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை தண்ணீர் தெளிக்க விடவில்லை. கோட்டை உள்பக்கம் திருப்பித் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஜிப்பை மூடும் பட்டி இருக்கிறதா, கீழேயிருந்தும் ஜிப் திறக்குமா என்று பார்த்தேன். பஸ் ஸீட்டில் உட்காரவும் மேடு ஏறவும் அது வேண்டும். லேபிளில் மில்லிமீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள். 5,000 என்றால் ஐந்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். தோளில் பை மாட்டுகிறவர்களுக்கு அந்த எண் முக்கியம்.

பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையைத் தூக்கினேன். ஸ்டூல் மேல் ஏறினேன். தொப்பியை மாட்டிப் பின்னால் காட்டெருமை வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் கல்லாவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

2,800 ரூபாய்க் கோட்டு 'மூச்சு விடும்' ரகம். நீர்த்துளி நுழையாமல், வியர்வை ஆவி மட்டும் வெளியேறும் துணி. அமெரிக்காவில் பாப் கோர் 1969-ல் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துக் கண்டுபிடித்த சவ்விலிருந்து பிரபலமான சங்கதி. ஆனால் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருந்தால் ஆவி எங்கே போகும்? வால்பாறையில் துணியை விடக் காற்றோட்டத் திறப்புதான் அதிகம் உதவும். அதோடு அதன் தொப்பியும் திரும்ப மறுத்தது. 1,500 ரூபாய்க் கோட்டில் முதுகிலும் அக்குளிலும் திறப்பு. தொப்பிக்குப் பின்னால் இழுத்துக் கட்டக் கயிறு. நடந்தால் சத்தமும் குறைவு. ஸ்வெட்டருக்கு மேல் போட ஒரு சைஸ் பெரிதாக வாங்கி அனுப்பினேன். நூறு மழை நாள், மூன்று வருஷம் என்று வைத்தாலும், தினம் ஐந்து ரூபாய். ஒரு டீயை விடக் குறைவு.

போன வாரம் அக்கா பேசினாள். "போட்டதும் உங்க மாமா முதல்ல தலையைத் திருப்பித்தான்டா பார்த்தார்."

"இருமல்?"

"இந்த மழைக்கு இன்னும் இல்லடா."

650 ரூபாய்க் கோட்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? என் ஸ்கூட்டருக்குப் போர்வை. பிரமாதமாக இருக்கிறது. ஸ்கூட்டருக்கு வியர்ப்பதில்லை, எங்கள் தெருவில் காட்டெருமையும் வருவதில்லை.