முடிவு வருகிறதாம்!

உலகம் முடியப் போகிறதாம்! பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்திலே, அரியலூர் வண்டிக்குக் காத்து நின்ற நம் கையிலே திணிக்கப்பட்ட துண்டறிக்கை அப்படித்தான் அறைந்தது. போர், பஞ்சம், கொள்ளைநோய், நிலநடுக்கம் யாவும் அடையாளங்களாம். மனந்திரும்புக, காலம் நெருங்கிவிட்டது! அடியிலே காணிக்கை செலுத்தும் வழியும் அச்சாகியிருந்தது. முடியப் போகும் உலகிலே காணிக்கை எதற்கு என்று கேட்கத் துடித்தது நா. தந்த இளைஞனோ அதற்குள் அடுத்த வண்டியில் ஏறிவிட்டான். அவன் முகத்திலே வஞ்சகமில்லை, அச்சந்தான் இருந்தது. அதனால்தான் தாளைக் கசக்கி எறியாமல் மடித்துப் பையில் வைத்தோம்.

நாள் குறிப்போர் நமக்குப் புதியவரல்லர். அமெரிக்காவிலே வில்லியம் மில்லரின் கணக்கை நம்பினோர் 1844 அக்டோபர் 22 அன்று வானத்தைப் பார்த்து விழித்திருந்தனர். மறுநாளும் வழக்கம்போல் விடிந்தது. திருவாங்கூரிலே, தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்திற் பிறந்து கிறித்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு என்பார், 1881-இல் கிறிஸ்து வருவார் என்றார். அவர் வரவில்லை, புதிய சபை ஒன்று வந்தது! கிறித்தவரை மட்டுஞ் சொல்லி நகைப்பது நமக்கு அழகன்று. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகு அழியும் என்று அஞ்சி வேள்வித் தீயிலே நெய்யைக் கொட்டினரே, அந்த நெய்க்குக் கணக்குத் தந்தவர் உண்டோ?

1927-இல் இலண்டனிலே, தாம் கிறித்தவராக இல்லாத காரணத்தை எடுத்துரைத்த பெர்ட்ரண்டு ரசல், ஒரு பாதிரியாரைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் வருகை இதோ என்று முழங்கிச் சபையாரைக் கிலி கொள்ளச் செய்தவர் அவர். ஆனால் அவர் தம் தோட்டத்திலே மரக்கன்று நட்டுக்கொண்டிருந்ததைக் கண்டதும் சபையாருக்கு ஆறுதல் பிறந்ததாம்! அந்த உரையை நம் இயக்கத்தார் தமிழாக்கிப் பரப்பினர். அதைப் படித்த நாள்முதல், முடிவு பேசுவோர் வீட்டுக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு.

முடிவைப் பற்றிப் பேச அரியலூர் மண்ணைவிடத் தகுதியான சான்று எது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலே, அந்தக் கடலிற் புதைந்து கல்லாகிப்போன 18 மீட்டர் மரம் கிடக்கிறது. 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகறியச் செய்தார். அக்கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரினமான அம்மோனைட்டு, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசரோடு பூண்டற்றுப் போயிற்று. அதற்கு உலகம் உண்மையாகவே முடிந்தது! எந்த எக்காளமும் ஊதப்படவில்லை; நல்லதென்றும் தீயதென்றும் அதைப் பிரித்து நிறுத்தியவரும் இல்லை. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் இன்று சிமெண்டு ஆலைகள் புகைகின்றன.

நாம் தேடிச் சென்றது நண்பர் ஒருவரின் தாயாரை. 1956 நவம்பர் 23, விடியுமுன், தூத்துக்குடி நோக்கி வந்த விரைவு வண்டி, வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்ததல்லவா? 140 பேருக்கு மேல் மாண்ட அந்த வண்டியிலே அம்மையாரின் தந்தையும் இருந்தார். அப்போது இவருக்கு வயது நான்கு.

பின்னாளில், நினைவு நாள் வழிபாடொன்றில், சபைப் போதகர் ஒருவர் அந்த வெள்ளத்தை இறுதிக்காலத்தின் அடையாளம் என்றாராம்; ஆயத்தமின்றி இருந்தோர் வாரிக்கொண்டு போகப்பட்டனர் என்றாராம். இளம்பெண்ணாயிருந்த இவர் எழுந்தார், வெளியே நடந்தார். அதன்பின் எந்தச் சபையின் வாயிலையும் மிதிக்கவில்லை. ஆனால் மாலையிலே, அடுப்பு மூட்டுமுன், சமையலறையில் மண்டியிடும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.

"என்ன கேட்பீர்கள், அம்மா?" என்றோம். நம் கேள்வியிலே சற்றே குத்தல் இருந்தது, ஒப்புக்கொள்கிறோம்.

"கேட்க என்ன இருக்கிறது, தம்பி? அப்பா பேரைச் சொல்லுவேன். அன்றைக்குப் போனவர்களில் பேர் தெரிந்த இரண்டொருவரைச் சொல்லுவேன். சொல்லாவிட்டால் மறந்துபோகும்."

நாம் வாதத்துக்கு ஆயத்தமாகச் சென்றவர்கள். கேட்பார் யாருமில்லை என்பதே நம் துணிபு. இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் கூலி கேட்காத, எவரையும் அச்சுறுத்தாத, பூசாரியோ போதகரோ இடையில் நில்லாத அந்தச் சில நொடிகளோடு நமக்கென்ன பகை? நம் போர், அடையாளம் என்ற ஒரே சொல்லால் பாலத்தைக் காக்கத் தவறிய குற்றத்தை மறைக்க வந்த அந்தப் போதனையோடுதான். அன்றைய இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாத்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவரும் போதகரைப்போல ஆண்டவன் சித்தம் என்று கைவிரித்திருந்தால், அரித்த கரையை அளந்து பார்க்க யார் போயிருப்பார்?

அம்மையார் அதை நம்மினும் தெளிவாக அறிந்திருக்கிறார். அடைமழை நாளில் மண்டியிட்டு எழுந்ததும், இரயில்வேயில் வேலை பார்க்கும் அண்டை வீட்டுப் பிள்ளையை அழைத்து, "ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது? பாலத்துக்குக் காவல் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்காமல் உண்பதில்லையாம். மண்டியிட்டதோடு தம் கடமை தீர்ந்தது என்று அவர் ஒரு நாளும் எண்ணியதில்லை.

புறப்படுமுன் துண்டறிக்கையை எடுத்துக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம், சிரிக்கவில்லை. "பாவம், யார் பெற்ற பிள்ளையோ, இப்படிப் பயந்து கிடக்கிறதே! சாப்பிட்டானோ என்னவோ?" என்றார். பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாய் இருந்தது. மேசை மேலிருந்த பென்சிலை எடுத்து, அடுத்த மாத மளிகைக்குக் கணக்குப் போடத் தொடங்கினார்: துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி அரைக் கிலோ, நல்லெண்ணெய்...