ஆதனூர் ஏரி முதல் முகத்துவாரம் வரை

தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர் ஏரியில் பிறக்கிறது அடையாறு. பக்கத்திலேயே மணிமங்கலம். முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் ஊர். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குப் பழகிய பெயர். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடி ஆறு கடலில் விழும் இடமும் ஒரு போர்க்களம்தான். அதை ஏனோ நாம் பேசுவதே இல்லை.

திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? அனகாபுத்தூர் தாண்டினால், ஆற்றின் மேலேயே விமான ஓடுபாதை. சைதாப்பேட்டையில் ஆர்மீனிய வணிகர் உஸ்கான் 1726-ல் கட்டிய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம்.

கோட்டூர்புரம் தாண்டி ஆறு அகன்று, குவிபிள் தீவைச் சுற்றுகிறது. 1746 ஐப்பசியில் வடகரையில் சாந்தோம் பக்கமாக மாபூஸ் கானின் படை நின்றது. பத்தாயிரம் பேர், பீரங்கிகளும் உண்டு. ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த சென்னையை ஆற்காட்டு நவாப் அன்வருதீனிடம் ஒப்படைப்பதாகச் சொன்ன பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே, வாக்கைக் காப்பாற்றவில்லை. அதனால் நவாப் தன் மகன் மாபூஸ் கானை அனுப்பியிருந்தார். புதுச்சேரியிலிருந்து தென்கரைக்கு வந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் பாரடியிடம் இருந்தது ஆயிரம் பேர்தான். அவர்களில் ஏறக்குறைய 700 பேர் இந்தியச் சிப்பாய்கள்.

இறங்கிக் கடக்கும் ஆழத்தில்தான் தண்ணீர் இருந்தது. எதிர்க்கரைக் குண்டுகளுக்கு நடுவே வரிசை கலையாமல் நீரில் நடந்து கரையேறினார்கள். ஒரே வீச்சில் சுட்டார்கள். துப்பாக்கி முனை ஈட்டிகளோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி, அங்கேயும் குண்டு மழையில் சிக்கியது.

பிரெஞ்சு வெற்றி என்றே புத்தகங்கள் இதைச் சொல்கின்றன. பாதிக்கு மேல் நம் நாட்டு ஆட்கள் வென்ற போருக்கு அந்தப் பெயர் மட்டும் போதாது என்பேன். பயிற்சி கொடுத்தால் பெரும்படையையும் இவர்களை வைத்தே உடைக்கலாம் என்று கும்பினிகள் அன்றுதான் கண்டுகொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் ஆங்கிலேயரும் சிப்பாய்களைத் திரட்டிப் பழக்கினார்கள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர் படையை அலைக்கழித்தவர் அப்படி உயர்ந்த ஒரு சிப்பாய்: யூசுப் கான், நம் மருதநாயகம். பின்னாளில் அவர் எதிர்த்து நின்றபோது கும்பினிப் படையே மதுரையை முற்றுகையிட்டது. 1764-ல் அவரைத் தூக்கிலிட்ட நவாப் முகமது அலி, அடையாற்றங்கரையில் தோற்ற மாபூஸ் கானின் சகோதரர்.