நமக்கு எதிரான சாட்சி



நெஞ்செரிச்சல் நமக்குப் புதிதன்று. தாயில்பட்டியில் மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, இஷா தொழுது வீடு திரும்ப மணி ஒன்பதைத் தாண்டிவிடும். பிறகு உணவு, உடனே உறக்கம். பல ஆண்டுகள் மாத்திரையால் சமாளித்தோம். அதற்கும் அடங்காமற்போகவே மதுரையில் குடல்நோய் மருத்துவர் ஒருவரை நாடினோம். எண்டோஸ்கோப்பியில் புண் ஏதும் தென்படவில்லை. அறுவை சிகிச்சை தேவையா எனத் தீர்மானிக்குமுன் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும் என்றார். இரவில் எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்க்கவும் சொன்னார்.

சோதனை அறையில் நம்மை வரவேற்ற இளம்பெண் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். உணவுக்குழாயும் குடலும் இயங்கும் விதத்தை அளந்து அறிக்கை எழுதுவதே அவர் பணி. பிரிட்டனில் இப்பணியாளரை மருத்துவ அறிவியலாளர் என்றே அழைக்கின்றனர். அதற்கென மூன்றாண்டுப் பயிற்சியும் உண்டு. நாமோ ‘டெக்னீஷியன்’ என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுகிறோம். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண். பட்டாசு ஆலையில் உழைத்துத் தம் தாயார் படிக்கவைத்ததாகச் சொன்னார்.

ஆறு மணி நேரம் வெறும் வயிற்றுடன் சென்றிருந்தோம். நோன்பிருந்து பழகியவர்க்கு அது பெரிதன்று. மூக்கில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மெல்லிய குழாயை இரைப்பைவரை செலுத்தினார். கண்ணீர் வழிந்தது. “கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, தலையைக் குனிந்து விழுங்குங்கள்” என்றார். பிறகு 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கவைத்தார். ஒவ்வொரு முறையும் தசைகள் மேலிருந்து கீழாகச் சுருங்குவதும், அடியிலுள்ள வளையத் தசை கதவுபோல் திறந்து மூடுவதும் திரையில் வண்ணங்களாய்த் தெரிந்தன. சுப்ஹானல்லாஹ்! நாம் எண்ணாமலேயே நம்முள் நடக்கும் ஒழுங்கு அது.

அடுத்து, 24 மணி நேர அமிலச் சோதனை. வேறொரு குழாய், அதன் மறுமுனை இடுப்பில் கட்டிய சிறு பதிவுக் கருவியில். குளிக்கக் கூடாது, கருவி நனையாமல் உளூச் செய்யலாம். கையில் ஒரு குறிப்பேட்டையும் தந்தார். “வழக்கம்போல் இருங்கள் ஐயா. உண்பது, குடிப்பது, படுப்பது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவிடுங்கள்.”

அன்றிரவு விருதுநகரில் மைத்துனர் வீட்டில் தங்கினோம். பதினொரு மணிக்கு எண்ணெய்ப் பரோட்டா வந்தது. தொடர்ந்து எலுமிச்சைத் தேநீர். மறுக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதவுமில்லை. மருத்துவரின் எச்சரிக்கை நினைவிலிருந்தது, எழுத வெட்கம்.

மறுநாள் பதிவுகளைக் கணினியில் பார்த்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். “ஐயா, இரவு பதினொன்றரை மணிவாக்கில் புளிப்பாக ஏதாவது குடித்தீர்களா?”

திடுக்கிட்டோம். அவர் பொறுமையாய் விளக்கினார். இரைப்பை அமிலம் எதுக்களித்தால் குழாயிலுள்ள உணரிகளைக் கீழிருந்து மேலாகத் தொடும். குடிக்கும் பானமோ மேலிருந்து கீழாகச் செல்லும். எழுதிய உணவு நேரங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். எழுதாவிட்டால், குடித்த புளிப்பும் நோயின் அமிலமாகவே கணக்கில் சேரக்கூடும். “இதை வைத்துத்தான் ஆப்பரேஷனைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார் ஐயா” என்றார். குரலில் கண்டிப்பு இல்லை.

உண்மையை ஒப்புக்கொண்டோம். திருத்தி எழுதிக்கொண்டார்.

அந்த வாரம்தான் மதரஸாவில் அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை விளக்கியிருந்தோம். நமக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு இறைவன் பணிக்கும் வசனம் அது. பிறர் வழக்கில் சாட்சி சொல்வதை மட்டுமே பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டினோம். ஒரு பரோட்டாவுக்காக நம் உடலைப் பற்றியே பொய்ச்சாட்சி எழுதியவர் நாம். நம் வயிற்றுக்காக உண்மைச் சாட்சி நின்றவரோ நம்மை முன்பின் அறியாத, மாற்று மதத்துச் சகோதரி. அமானிதம் என்பதை அன்று அவரிடம் பாடம் கற்றோம்.

மலமும் வாயுவும் வாந்தியும் பேசும் இத்துறையை நம் குடும்பங்கள் அருவருப்போடு நோக்குகின்றன. “நம்ம பிள்ளைக்கு இந்த வேலையா?” என்று கேட்கும் பெற்றோரை அறிவோம். சிறுநீரையும் மலத்தையும் நோயின் அடையாளங்களாக ஆராய்ந்து அல்கானூனில் எழுதிவைத்தவர் இப்னு ஸீனா என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

அல்ஹம்துலில்லாஹ், நமக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இப்போது மஃரிபுக்கு முன்பே இரவுணவை முடித்துக்கொள்கிறோம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! சோதனைக்குச் செல்லும்போது, உண்டதையும் விழுங்கிய மாத்திரையையும் மறைக்காதீர்கள். வெட்கத்தால் மறைத்த ஒரு சொல், தேவையற்ற கத்திவரை கொண்டுசெல்லக்கூடும். திரைக்குப் பின்னிருந்து நம் உடலுக்குச் சாட்சி நிற்கும் அத்தனை பேருக்கும் வல்ல ரஹ்மான் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.