வயதைக் கேட்காதே, வலிமையைக் கேள்!

'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. சோற்றுக்கு அது பொருந்தும். கான்கிரீட்டுக்கோ, இறுகுமுன் ஆறிப்போவதே ஆபத்து! கட்டடப் பொறியியல் பயிலும் நான் இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் மலேசியாவில், குளிரில் கான்கிரீட் என்னவாகும் என்று படித்து என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என் விடை இதோ.

என் தந்தையார் கட்டுமானத் தொழிலாளி. "கான்கிரீட் இன்னும் காயலை" என்பார். அவரே அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தித் தண்ணீரும் ஊற்றுவார். காய வேண்டிய பொருளுக்குத் தண்ணீர் எதற்கு? சிறுவயதில் எனக்கு விளங்கவே இல்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் விளங்கியது. கான்கிரீட் காய்வதில்லை. சிமெண்டும் நீரும் வேதிவினை புரிவதால் அது இறுகுகிறது. அந்த வினைக்கு ஈரம் வேண்டும், வெப்பமும் வேண்டும். குளிர் கூடக்கூட வினை மெதுவாகும். இறுகுமுன் உறைந்துவிட்டாலோ, உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். அப்போது ஏற்படும் சேதத்தைப் பின்னர் எவ்வளவு காத்திருந்தாலும் சரிசெய்ய முடியாது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1973 மார்ச் 2ஆம் நாள், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 14 தொழிலாளர்கள் இறந்தனர். முதலில் உடைந்த தளத்தின் வயது நான்கு நாள். அந்த நான்கு நாள்களின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ்தான். அதற்குள் கீழே இருந்த முட்டுகள் அகற்றப்பட்டிருந்தன.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 1978 ஏப்ரல் 27ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்ட் என்ற ஊரில் ஒரு மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் நின்ற சாரம், கோபுரத்தின் கான்கிரீட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அதைத் தாங்கிய வளையம் முந்தைய நாள்தான் ஊற்றப்பட்டது. அப்போதைய வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே. வளையம் பெயர்ந்தது; சாரமும் விழுந்தது. 51 பேர் மாண்டனர். சாரத்தில் நின்று பிழைக்கும் ஒருவரின் மகனான எனக்கு இந்த 51 வெறும் எண்ணாகத் தோன்றவில்லை.

இவ்விரு விபத்துகளையும் ஆராய்ந்த அமெரிக்க அரசாங்க ஆய்வாளர்கள், 'முதிர்ச்சி முறை' என்ற ஒன்றின்மீது கவனம் செலுத்தினர். அதன் அடிப்படைக் கருத்து 1951ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் சால் என்பவரால் கூறப்பட்டது. எத்தனை நாள் ஆயிற்று என்பதை மட்டும் கணக்கிடாமல், அந்த நாள்களில் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு வெப்பம் இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே அது. 1987ஆம் ஆண்டு அம்முறை அமெரிக்கத் தரமுறைகளில் இடம்பெற்றது.

நண்பர்களுக்கான விடை இங்கேதான் இருக்கிறது. நாங்கள் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து உடைத்துப் பார்க்கும் கனசதுரக் கட்டி, கட்டுமானத் தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் தளம் அன்று. இரண்டுக்கும் வயது ஒன்றுதான், வாழ்க்கை வேறு. இந்த உண்மை குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதா என்ன?

இன்னொரு வியப்பும் உண்டு. உறையாமல், ஈரம் குறையாமல், மிதமான குளிரில் மெல்ல இறுகும் கான்கிரீட், தொடக்கத்தில் பின்தங்கினாலும் போகப்போக, வெப்பத்தில் விரைந்து இறுகியதைவிட வலிமை பெறுவதுண்டு. இதைப் படித்தபோது எனக்குப் புகுமுக வகுப்பு நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, தேசிய இடைநிலைப்பள்ளியில் நுழையுமுன் அங்கே ஓராண்டு அமர்ந்தேன். "ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்று உறவினர்கள் அங்கலாய்த்தனர். வீணாகவில்லை. மெதுவாக இறுகிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்!

மெதுவாக இறுகுவது குறையன்று. இறுகுமுன் பாரத்தை ஏற்றுவதே கொடுமை. நாளை ஒரு தளத்தின் முட்டுகளை அகற்ற நான் கையொப்பமிட வேண்டியிருக்கும். அவசரப்படுத்துவோர் நாள்காட்டியைக் காட்டுவார்கள். 'எத்தனை நாள் ஆயிற்று?' என்பதோடு நான் நிற்க மாட்டேன். 'எவ்வளவு இறுகியிருக்கிறது?' என்று கேட்பேன். அத்தளத்தின் மேலும் கீழும் நிற்பவர் யாரோ ஒருவருடைய தந்தை அல்லவா?